பழையதன் நாற்காலி

வால்வ் நிறுவனத்தின் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கவுன்டர் ஸ்ட்ரைக் 2 பற்றி யாராவது குறை சொன்னால் போதும், உடனே ஒருவர் வந்து, "2012இல் குளோபல் அஃபென்சிவ் வந்தபோதும் இதையேதானே சொன்னீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். நியாயமான கேள்வி. ஆமாம், சொன்னோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அதற்கு முந்தைய 1.6 பதிப்பில் கை பழகியவன் நான். புதிய விளையாட்டில் துப்பாக்கிக்குக் கனமே இல்லை, ஆட்கள் சாவி கொடுத்த பொம்மைபோல் ஓடுகிறார்கள், தலையில் சுட்டாலும் தலையில் பட்ட மாதிரித் தெரியவில்லை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அதே விளையாட்டின் முன்னால் விடியவிடிய உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

எனவே "இவர்கள் முதலில் திட்டுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள்" என்ற வாதத்துக்கு என்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். ஆனாலும் அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. இரண்டு முறை நடந்ததும் ஒன்றுபோலத் தெரிகிறதே தவிர, ஒன்றல்ல.

2012 ஆகஸ்டில் குளோபல் அஃபென்சிவ், சுருக்கமாக "கோ", வந்தது. (முழுப் பெயரையும் ஒவ்வொரு முறையும் எழுத முடியாது, விளையாடியவர்கள் யாரும் அப்படி அழைத்ததும் இல்லை.) பிடிக்காதவர்கள் என்ன செய்தோம்? பேசாமல் 1.6க்குத் திரும்பிப் போனோம். சர்வர்கள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், பழைய வரைபடங்கள் (ஆடுகளங்கள்) அப்படியே இருந்தன. 2004இல் வந்த சோர்ஸ் பதிப்பைப் பிடித்தவர்கள் அதில் இருந்தார்கள். கோ மெல்ல மெல்லத் தன்னைத் திருத்திக்கொண்டது. ஒரு நண்பன் போனான், இன்னொருவன் போனான், ஒருநாள் நானும் போனேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானாகப் போனதால்தான் அங்கே மனதும் ஒட்டியது.

2023 செப்டம்பர் 27 அப்படிப்பட்ட நாள் அல்ல. விளையாட்டுகளை வாங்கி ஆடும் வால்வின் தளமான ஸ்டீமைத் திறந்தேன். ஓர் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டை கடைசிவரை ஓடி முடிந்தபோது, பட்டியலில் கோ இருந்த அதே இடத்தில் வேறு படம், வேறு பெயர்: கவுன்டர் ஸ்ட்ரைக் 2. பதினொரு வருடமாக இருந்த விளையாட்டு அதே வரிசையில், அதே பொத்தானுக்குப் பின்னால், வேறொன்றாகியிருந்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு, மே மாதத்தில்தான் கோ ஒரே நேரத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாடிய உச்சத்தைத் தொட்டிருந்தது. நோயில் கிடந்த விளையாட்டுக்கு வாரிசு வந்ததுபோல் இதைப் பேசுகிறவர்கள் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

"பழைய பதிப்பு இன்னும் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஸ்டீமில் விளையாட்டின் பண்புகளுக்குள் போய், ஒரு பட்டியலைத் திறந்து, பழைய கிளையைத் தேர்ந்தெடுத்தால் இறங்கும். கணினியே ஆட்டுவிக்கும் பாட்களோடு விளையாடலாம், தனியார் நடத்தும் சர்வரில் சேரலாம். ஆனால் ஐந்து பேர் சேர்ந்து பொத்தானை அழுத்தினால் எதிரணி ஐந்து பேரைத் தேடித் தரும் அந்த வசதி அதில் இல்லை. 2024 ஜனவரி 1க்குப் பிறகு அதற்கு ஆதரவும் கிடையாது என்று வால்வ் அறிவித்துவிட்டது. பந்தயக் குதிரையைப் பாடம் செய்து கண்ணாடிக்குள் நிறுத்திவிட்டு, குதிரை இருக்கிறதே என்று சொல்வது போன்றது இது.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். ஏனென்றால் கோபத்தில் பாதி தவறான இடத்தில் போய் விழுகிறது. என் கோபமும் முதல் நாளில் அப்படித்தான் விழுந்தது.

இன்ஃபெர்னோ வரைபடம். வாழைப்பழம் என்று நாங்கள் அழைக்கும் அந்த வளைந்த பாதை. தற்காப்பு அணியில் இருந்தேன். பாதையின் வாயில் புகைக்குண்டை எறிந்தேன். சாம்பல் நிறச் சுவர் எழுந்தது. கோ விளையாட்டில் அந்தச் சுவர் எழுந்துவிட்டால் சற்று மூச்சு விடலாம். துப்பாக்கியில் குண்டு நிரப்பலாம், இடம் மாறலாம். பதினொரு வருடப் பழக்கத்தில் நான் நிரப்பத் தொடங்கினேன். எதிரணியிலிருந்து ஒருவர் கைக்குண்டை அந்தப் புகைக்குள் எறிந்தார். வெடித்தது. புகை நடுவில் கிழிந்தது. ஈரமான கண்ணாடியைக் கையால் துடைத்ததுபோல் ஒரு வட்டம். வட்டத்தின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் பாதி நிரப்பிய துப்பாக்கியோடு நான். ஓரிரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். புகை திரும்ப மூடிக்கொண்டது.

"உடைந்துபோன விளையாட்டு!" என்று கத்தினேன். எங்கள் குழுவில் இளையவன், இதற்கு முன் 1.6 என்றால் என்னவென்றே அறியாதவன், நிதானமாகச் சொன்னான்: "இல்லை அண்ணா, குண்டு விழுந்தால் புகை விலகத்தானே செய்யும்?"

பதில் சொல்ல வாயில்லை. விலகத்தான் செய்யும். பழைய விளையாட்டில் விலகாமல் நின்றதுதான் விந்தை. கோவின் புகையில் இன்னொரு கோளாறும் இருந்தது: சில இடங்களில் எறிந்தால் ஒரு பக்கத்து ஆளுக்குத் தெரியும், மறுபக்கத்து ஆளுக்குத் தெரியாது. அந்த இடங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்த நாங்கள் அதைத் திறமை என்று கொண்டாடினோம். இப்போது புகை என்பது இடத்தை நிரப்பும் ஒரு பொருள். அறைக்குள் விழுந்தால் அறையை நிரப்புகிறது, கதவு வழியே கசிகிறது, எல்லோருக்கும் ஒரே வடிவில் தெரிகிறது. இந்தத் தொடரில் இவ்வளவு காலத்தில் நடந்த நல்ல மாற்றங்களில் இதுவும் ஒன்று என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று ஒப்புக்கொள்ளவில்லை. அன்று இரவே இரண்டு வரித் திட்டு ஒன்றை எழுதிவிட்டுத்தான் தூங்கினேன்.

புகை எளிதான வழக்கு. சிக்கலான வழக்கு சப்-டிக்.

கோ விளையாட்டில் வால்வின் சர்வர்கள் நொடிக்கு 64 முறை உலகத்தைக் கணக்குப் பார்த்தன. ஏறக்குறைய 15.6 மில்லிவினாடிக்கு ஒரு முறை. இரண்டு கணக்குகளுக்கு நடுவே நீங்கள் சுட்டால், அது அடுத்த கணக்கில்தான் ஏறும். வெளியார் நடத்திய போட்டித் தளங்களில் நொடிக்கு 128 முறை. ஆகவே வருடக்கணக்காக எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: எங்களுக்கும் 128 கொடுங்கள். புதிய விளையாட்டு சப்-டிக் என்ற வேறொரு விடையோடு வந்தது. கணக்கு 64 முறைதான். ஆனால் நீங்கள் எந்தக் கணத்தில் அழுத்தினீர்கள் என்ற நேரக்குறிப்பும் கூடவே போகும், சர்வர் அந்தக் கணத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லும். தாளில் எழுதிப் பார்த்தால் அழகான யோசனை. 128ஐவிட நுட்பமானது.

ஆனால் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. சுவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த பிறகு சாகிறோம் என்றார்கள். சுட்டது ஓரிடம், பட்டதாகத் தெரிவது வேறிடம் என்றார்கள். குதித்து எறியும் குண்டு ஒரே இடத்தில் விழுவதில்லை என்றார்கள். இவற்றில் எது சப்-டிக்கின் வேலை, எது இணையத் தாமதத்தின் வேலை என்று விளையாடுகிறவரால் பிரித்துச் சொல்லவே முடியாது. எதிராளியின் திரையில் நீங்கள் தெரியும் இடம் எப்போதும் சற்றுப் பழைய செய்தி. அவர் சுட்டது அந்தப் பழைய உங்களை. சுவருக்குப் பின்னால் செத்த கதை கோ விளையாட்டிலும் உண்டு, அதற்கு முன்பும் உண்டு. ஆனால் பல்லாயிரம் மணி நேரம் ஆடிய கைகள் ஒரே குரலில் "ஏதோ சரியில்லை" என்று சொன்னால், ஏதோ சரியில்லைதான். நோயாளி சொல்லும் வலியை நம்ப வேண்டும்; அவர் கேட்கும் மருந்தை அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வால்வ் மருந்தை மறுத்ததில் எனக்குக் குறையில்லை. வெளித் தளங்களும் 64க்கே வரும்படி செய்து, ஒப்பிட்டுப் பார்க்கும் வழியையும் அடைத்ததில்தான் குறை. பழைய விளையாட்டு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் ஒரே வாரத்தில் தீர்ந்திருக்கும் சண்டை இது. இதில் ஒரு மணி, அதில் ஒரு மணி ஆடிப் பார்த்துவிட்டு அவரவர் முடிவுக்கு வந்திருப்பார்கள். ஒப்பிட ஒன்றும் இல்லாததால் நினைவோடு ஒப்பிடுகிறோம். நினைவில் நான் ஒருநாளும் குறி தவறியதில்லை.

ரவுண்டுகளைக் குறைத்தது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு 16 எடுத்தவர் வெற்றி, இப்போது 13. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியையும் தொடங்கும் பிஸ்டல் (கைத்துப்பாக்கி) ரவுண்டு பாதிக்கு ஒன்று என்பது மாறவில்லை, மொத்தம் மட்டும் குறைந்துவிட்டதால் அதில் தோற்றால் அடி பலமாக விழுகிறது. மீண்டு வர நேரம் போதவில்லை என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். இப்போது ஒரு மேட்ச் சீக்கிரம் முடிகிறது, காலையில் எழ முடிகிறது. புலம்பலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வாபஸ் வாங்க முடியாதவை வேறு. முதல் நாளில், கோவில் இருந்த ஆட்ட வகைகளான ஆர்ம்ஸ் ரேஸ் இல்லை, டேஞ்சர் ஸோன் இல்லை. துப்பாக்கியை இடது கையில் பிடிக்கும் வசதி இல்லை. அது 2024 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. மேக் கணினிக்காரர்களுக்கு விளையாட்டே இல்லை. பழைய வன்பொருள்காரர்களையும் சேர்த்து அவர்கள் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு என்றும், பிரைம் என்ற கட்டணத் தகுதிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றும் அறிவிப்பு வந்தது. அந்த ஒரு சதவிகிதத்துக்குள் இருந்தவர்களுக்கு இழப்பு நூறு சதவிகிதம். அப்புறம் சாதனைகள், அதாவது விளையாட்டில் குறித்த ஒன்றைச் செய்தால் கணக்கில் சேரும் பதக்கங்கள். கோ விளையாட்டில் 167 சாதனைகள் இருந்தன. புதியதில் ஒன்று. நூற்று அறுபத்தாறைக் காணோம். யாரும் இதற்காகத் தெருவில் இறங்கப் போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் ஒருவர் வருடக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்திருப்பார் அல்லவா?

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. 1.6 ஒரு பக்கம், சோர்ஸ் ஒரு பக்கம் என்று இந்தச் சமூகம் வருடக்கணக்கில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. போட்டிகளும் அணிகளும் சிதறின. மறுபடி அப்படி ஆகக் கூடாது என்று வால்வ் நினைத்திருந்தால் அதில் பிழையில்லை. 2013இலிருந்து ஆட்கள் சேர்த்த, காசுக்கு வாங்கி விற்கும் துப்பாக்கி அலங்காரங்களான ஸ்கின்கள் வேறு இருக்கின்றன. அவற்றை அப்படியே புதிய வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பழைய வீடும் திறந்திருந்தால் அந்தச் சந்தை என்ன ஆகியிருக்குமோ. எண்ணிக்கையும் அவர்கள் பக்கமே பேசுகிறது: 2025இல் புதியது கோவின் உச்சத்தையும் தாண்டிவிட்டது. ஆனால் இருக்கும் ஒரே வாசலைக் காட்டி, எத்தனை பேர் விரும்பி நுழைகிறார்கள் பாருங்கள் என்று கணக்குச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஓவர்வாட்ச் 2 என்ற இன்னொரு துப்பாக்கி விளையாட்டைப் பாருங்கள். 2022 அக்டோபரில் அது வந்ததும் முதல் விளையாட்டு மூடப்பட்டது. ஆறு பேர் அணி ஐந்து பேர் அணி ஆனது. ஆட்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு கதையை ஆடும் பெரிய பகுதி வருகிறது, அதற்காகத்தான் "2" என்று சொன்னார்கள். 2023 மே மாதத்தில் அதன் முக்கியப் பகுதியைக் கைவிட்டுவிட்டதாக அறிவித்தார்கள். ஆகஸ்டில் ஸ்டீமுக்கு வந்தபோது மதிப்புரைகளில் மக்கள் கொட்டிய ஆத்திரம், விளையாட்டின் தரத்துக்குத் தந்த மதிப்பெண் இல்லை என்று நினைக்கிறேன். விளையாட்டு அவ்வளவு மோசமில்லை. திரும்பிப் போக இடமில்லாதவர்களின் ஆத்திரம் அது.

டூம் எடர்னல் என்ற துப்பாக்கி விளையாட்டுக்கும் 2020இல் சண்டை நடந்தது. 2016இன் டூம் பிடித்த பலருக்கு அதன் தாவல்கள் பிடிக்கவில்லை, அடிக்கடி தீரும் குண்டுகள் பிடிக்கவில்லை. மராடர் என்ற அந்த எதிரி, கண் பச்சையாக மின்னும் நொடியில்தான் அடி வாங்குவேன் என்று கேடயத்தோடு நின்றதை நினைத்தால் இன்றும் சிலருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஆனால் அந்தச் சண்டை ரசனைச் சண்டையாகவே இருந்தது. 2016இன் விளையாட்டு அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. பிடிக்காதவர் அதைத் திறந்து ஆடினார், பிடித்தவர் இதைத் திறந்து ஆடினார்.

எங்கள் கூட்டத்தின் சபதங்களுக்கு என்ன மதிப்பு என்பதும் எனக்குத் தெரியும். 2009இல் மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற துப்பாக்கி விளையாட்டில், ஆடுகிறவர்களே நடத்தும் தனி சர்வர் வசதி இல்லை என்றதும், வாங்கவே மாட்டோம் என்று ஸ்டீமில் ஒரு புறக்கணிப்புக் குழு கிளம்பியது. வெளியான அன்று அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் படம்பிடித்துப் போட்டார்கள்: பெயருக்குக் கீழே பெயராக, பலரும் மாடர்ன் வார்ஃபேர் 2 விளையாடிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த ரகம்தான். கவுன்டர் ஸ்ட்ரைக் 2ஐ எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறேன் என்று இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்டீமில் கோவுக்கு என்று தனிப் பக்கம் இருக்கவில்லை. அதே பக்கம் புதியதன் பக்கமாக மாறியது, பழைய மதிப்புரைகளோடு சேர்த்து. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய மதிப்புரையும் அங்கே இருக்கிறது. கட்டைவிரல் மேல்நோக்கி. "1.6ஐ விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவன் எழுதுகிறேன், தயங்காமல் வாருங்கள்" என்று தொடங்குகிறது. நான் அப்போது பார்த்தே இராத ஒரு விளையாட்டின் பெயருக்குக் கீழே இப்போது அது நின்றுகொண்டிருக்கிறது. சில நாள் முன்பு யாரோ அதைப் பயனுள்ளது என்று குறித்திருக்கிறார்கள்.