43 வயதில் ஆறாவது ஆள்

போன வருடம், என் 43ஆவது வயதில், வாலிபால் ஆட ஆரம்பித்தேன். அதற்கு முன் வாலிபாலைத் தொட்டதே இல்லை என்று சொன்னால் பொய். என் பைக் மேல் வந்து விழுந்த பந்தை இரண்டு தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அனுபவம் அவ்வளவுதான்.

சேர்ந்த கதை பெரிதில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளி மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ஆடிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன், "சார், ஒரு ஆள் குறையுது. சும்மா வந்து நிக்கிறீங்களா?" என்றான். சும்மா நிற்பதில் எனக்கு இருபது வருட அலுவலக அனுபவம் உண்டு. போய் நின்றேன்.

சும்மா நிற்க விடாத ஆட்டம் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. கிரிக்கெட்டில் ஆட வராதவனை பவுண்டரி ஓரம் நிறுத்திவிட்டு மறந்துவிடலாம். இங்கே 9க்கு 9 மீட்டர் கட்டத்துக்குள் ஆறு பேர். எதிரணி போட்ட சர்வீஸில் நாம் புள்ளி எடுத்துவிட்டால், எல்லாரும் கடிகாரச் சுற்றில் ஓரிடம் நகர வேண்டும். பின்வரிசை இடது மூலையில் பதுங்கியிருந்தவன் நகர்ந்ததும் நெட்டுக்கு நேர் எதிரே நிற்பான். அங்கிருந்து மூன்று நகர்வில் சர்வீஸ் போட வேண்டிய இடம். பெரிய போட்டிகளில் பின்வரிசையில் பந்தெடுக்கவென்றே லிபரோ என்று ஒரு தனி ஆள் இருப்பார்; எங்கள் மைதானத்தில் அதெல்லாம் கிடையாது. முதல் நாள் என் சர்வீஸ் நான்கு நெட்டில் விழுந்தது. ஐந்தாவது, முன்னால் நின்ற என் அணிக்காரரின் பிடரியில்.

திட்டாமல் இல்லை. அங்கே ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் திட்டுவதற்கென்றே வருகிறாரோ என்று தோன்றும். ஆனால் அந்தத் திட்டு அடுத்த சர்வீஸ் வரைதான். பந்து மேலே போய்விட்டால் பழையதைப் பேச யாருக்கும் நேரமில்லை. அலுவலகத்தில் 2016இல் நான் செய்த ஒரு தவற்றை இன்னும் மீட்டிங்கில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

வாலிபாலில் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை தொடவும் கூடாது. மூன்று தொடலுக்குள் பந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும். எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் தனியாக ஆடிக் கிழிக்க முடியாது. என்னைப் போன்ற ஒருவன் கொடுக்கும் பந்தில்தான் அவன் வேலை தொடங்குகிறது. முதல் இரண்டு மாதம் நான் எடுத்த பாஸ் எதுவும் நேராகப் போகவில்லை. அடிக்கிறவனுக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவன்தான் லிஃப்டர். எங்கள் லிஃப்டருக்கு என் வயதில் பாதி இருக்கும், மெக்கானிக் கடையில் வேலை. கோட்டுக்கு வெளியே ஓடி, ஒரு காலில் நின்று, நான் கெடுத்த பந்தை அழகாகத் தூக்கிக் கொடுப்பான். அடிக்கிறவன் அடிப்பான், நமக்குப் புள்ளி. என் தப்பு எங்கே போனதென்றே தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் இப்படி ஒருவர் நம்மைக் காப்பாற்றுவது வேறு எங்கே நடக்கிறது? வீட்டிலும் வேலையிலும் நாம்தான் தாங்குகிறவர்கள், நாம்தான் தெரிந்தவர்கள்.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? ஜிம்முக்குப் போ" என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இது நம்மைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடித்த ஆட்டம். 1891இல் பாஸ்கெட்பால் வந்தது. நடுவயது வியாபாரிகளுக்கு அதில் ஓடி முட்டி மோத முடியவில்லை. அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரின் ஒய்எம்சிஏவில் வேலை பார்த்த வில்லியம் மார்கன், 1895இல் நடுவே நெட்டைக் கட்டி இரு பக்கமும் ஆளைப் பிரித்து நிறுத்தினார். அப்போது நெட் 6 அடி 6 அங்குலம்தான். இன்று ஆண்களுக்கு 2.43 மீட்டர், கிட்டத்தட்ட 8 அடி. தொப்பைக்காரர்களுக்காகச் செய்த ஆட்டத்தை நெட்டைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். காலை ஆறு மணிக்காவது நாம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஜிம்முக்கும் போனேன். ஒரு வருடப் பணம் கட்டி பதினோரு நாள். போகாவிட்டால் கேட்க ஆளில்லை. இங்கே 5.40க்கு போன் வரும்: "அஞ்சு பேர்தான் இருக்கோம், எங்க இருக்கீங்க?" அந்த ஒரு கேள்விக்காகவே எழுந்துவிடுகிறேன்.

எடை குறைந்ததா என்று கேட்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் டீக்கடை, டீக்கடையில் மெதுவடை. முன்கை இரண்டும் முதல் மாதம் கன்றிச் சிவந்திருந்தன. சுண்டுவிரல் ஒருமுறை பிசகி மூன்று வாரம் வீங்கிக் கிடந்தது. முட்டி வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குதிக்க வேண்டாம். இன்னொன்று, என் மனைவி கேட்டது: "நாங்க ஆடணும்னா எந்த கிரவுண்டுல இடம் விட்டிருக்கீங்க?" எங்கள் ஊரில் எந்த கிரவுண்டிலும் இல்லை. அந்த வெட்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் லிஃப்டர் எடுத்த முதல் பந்தே எங்கோ போனது. பக்கத்தில் நான்தான். யோசிக்க நேரமில்லை; ஓடி, விரல் நுனியில் வாங்கி, நெட் ஓரமாக உயர்த்திவிட்டேன். அவனே எகிறி அடித்தான். பந்து கோட்டைத் தாண்டி வேலியில் போய் விழுந்தது.

பெரியவர் வழக்கம்போல என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். அதற்குள் அவன் கையைத் தூக்கினான். ஆறு மாதமாக என்னை சார் என்று கூப்பிட்ட பையன். "லிஃப்ட் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. நான்தான் வெளிய அடிச்சுட்டேன்."