தமிழை விழுங்கும் பிடிஎஃப்

வெறும் உரையில் சின்னச் சின்னக் குறிகள் போட்டு வடிவமைக்கும் மார்க்டவுனில் எழுதுவது சுகம்தான். ஹேஷ் குறி போட்டால் தலைப்பு, நட்சத்திரக் குறி போட்டால் சாய்வெழுத்து. வினை ஆரம்பிப்பது அதைப் பாண்டாக் என்ற கோப்பு மாற்றும் நிரலில் கொடுத்து பிடிஎஃப் ஆக்கும்போது. பக்கங்களை அமைக்க அது வழக்கமாக அழைக்கும் பிடிஎஃப்லேடெக் என்ற நிரலுக்குத் தமிழ் ஆகாது, பிழை சொல்லி நின்றுவிடும். சரி, அதே வேலையைச் செய்யும் ஸீலேடெக்குக்கு மாற்றினால் சமர்த்தாக ஓடி முடிக்கிறது. ஆனால் தமிழ் எழுத்துருவின் பெயரை நாமே சொல்லாவிட்டால் தமிழ் இருந்த இடமெல்லாம் வெள்ளை! பேச்சிப்பாறை, பெருஞ்சாணி பற்றிய ஆய்வேட்டில் அணைகளின் பெயரையே காணோம். இந்த எழுத்து இல்லை என்று ஓர் எச்சரிக்கை வரத்தான் செய்கிறது. பிழையென்று நிறுத்தினால் என்னவாம்? எழுத்துருவைத் தேடிப்பிடித்து, பெயரைச் சேர்த்து, ஒருவழியாக நாகர்கோவில் பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே அண்ணன் கேட்கிறார்: “வேர்டு ஃபைல் இல்லியா மக்ளே?”