சீமைக்கருவேல விறகின் புகை விஷமா?

"சீமைக்கருவேல மரத்தைச் சும்மா கொடுத்தாலும் விறகுக்கு வாங்காதீர்கள், அதன் புகை விஷம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் பல பத்தாண்டுகளாக அடுப்பில் எரிவது இந்த மரம்தான். மூட்டம் போட்டுக் கரியாக்கி வெளியூருக்கும் அனுப்புகிறார்கள். இதன் நெருங்கிய இனமான மெஸ்கீட் விறகில் அமெரிக்காவின் டெக்சாஸில் இறைச்சி சுடுகிறார்கள். கட்டை கனமானது, நின்று எரியும், தணலும் நெடுநேரம் தாங்கும். கண்மாயையும் மேய்ச்சல் நிலத்தையும் இம்மரம் ஆக்கிரமித்துக் கெடுப்பது உண்மை. அதை அடுப்போடு போட்டுக் குழப்பக் கூடாது.

அப்புறம் ஏன் கண் எரிகிறது? பெரும்பாலும் ஈரம். வெட்டின கையோடு எரித்தால் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகைதான் மிச்சம். பிளந்து, மழை படாமல், காற்றுப் போக அடுக்குங்கள். வெட்டுமுகத்தில் வெடிப்பு விட்டு, பட்டை கழன்று, இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டங்' என்று கேட்டால் தயார். எந்த விறகுப் புகையும் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் சமையலறையில் காற்றோட்டம் அவசியம்.

உண்மையில் ஒதுக்க வேண்டியவை அரளியும், கடலோரச் சதுப்பில் வளரும் தில்லை மரமும். தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டமும் வேண்டாம்.

சீமைக்கருவேலத்தில் பயப்பட வேண்டியது முள்ளுக்குத்தான். செருப்பைத் துளைத்து ஏறும், குத்திய இடம் வீங்கிச் சீழ் வைக்கும். சும்மா கிடைத்தால் தூரோடு தோண்டி எடுங்கள். விட்டால் மறுபடி துளிர்க்கும். தூர்க்கட்டையும் அருமையாக எரியும்.