சேர்த்தது போதும், கொஞ்சம் எடுங்கள்

நேற்று மதியம் கணினியில் இடம் போதவில்லை என்று, விண்வெளி விளையாட்டுகளைப் பாதியில் சேமித்து வைத்த சேவ் ஃபோல்டரைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். 23 பேரரசுகள் கிடந்தன. கடைசிவரை ஆடி முடித்தது இரண்டே இரண்டு. மீதி 21ம் தோற்றுப்போய்க் கைவிட்டவை என்றால்கூட மனசு ஆறும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், பாதிக்கு மேல் நான் ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டங்கள். பக்கத்துப் பேரரசை விழுங்கியாயிற்று, கஜானா நிரம்பி வழிகிறது, எதிரில் நிற்க ஆளில்லை. அந்த இடத்தில் சேவ் பண்ணிவிட்டு எழுந்து போனவன் திரும்பி வரவே இல்லை. மறுநாள் புது ஆட்டம். மறுபடியும் ஒரு கிரகம், இரண்டு கப்பல்.

விண்வெளி வியூக விளையாட்டு ஆடுகிற எல்லாருக்கும் இது தெரிந்த வியாதிதான். ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொன்னால் போதும்.

போன மாதம், மணி ஒன்றரை இருக்கும். எந்த விளையாட்டு என்பது வேண்டாம், இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. என் கையில் 38 கிரகங்கள். திரையின் மேல் ஓரத்தில் வரிசையாக மஞ்சள் அறிவிப்புகள். ஒரு கிரகத்தில் குடியிருக்க வீடு போதவில்லை. அறிவிப்பை அழுத்தினேன், கிரகம் திறந்தது, வீடு கட்டச் சொன்னேன், மூடினேன். அடுத்த கிரகத்திலும் வீடு போதவில்லை. அழுத்து, திற, கட்டு, மூடு. இப்படி ஒன்பது கிரகம். பத்தாவதில் மாறுதலுக்கு வேலையில்லாத் திண்டாட்டம். அதைச் சரிசெய்து நிமிர்வதற்குள் முதல் கிரகத்தில் கட்டிய வீடு நிறைந்துவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். கட்டம் கட்டமாக எண்கள். "இன்னும் ஆபீஸ் வேலை முடியலையா? பாவம்" என்று சொல்லி லைட்டைப் போட்டுவிட்டுப் போனாள். இல்லை, நான் ஒரு கேலக்ஸியை ஆண்டுகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் கிரகத்தில் சுரங்கம் கட்டுவதா, ஆய்வுக்கூடம் கட்டுவதா என்பது ஐந்து நிமிடம் யோசிக்க வேண்டிய விஷயம். தப்பாக முடிவெடுத்தால் ஆட்டமே சாய்ந்துவிடும். 38வது கிரகத்திலும் அதே கேள்விதான், ஆனால் எதைக் கட்டினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. முடிவுகளின் எடை குறையக் குறைய அவற்றின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

சரி, இதற்கு ஆட்டம் செய்கிறவர்களை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு விளையாட்டுக்கு நான் எழுதி அனுப்பிய யோசனைப் பட்டியல் இன்னும் மெயிலில் இருக்கிறது. 14 யோசனைகள். ஒற்றர்கள் வேண்டும், கப்பலுக்கு இன்னும் பத்து விதமான ஆயுதம் வேண்டும், ஒவ்வொரு கிரகத்துக்கும் தனி ஆளுநர் வேண்டும், அவருக்குக் குணநலன் வேண்டும், மதம் வேண்டும், கள்ளக்கடத்தல் வேண்டும். பதினாலுமே சேர்க்கச் சொல்பவை. எதையாவது எடுங்கள் என்று ஒரு வரி கிடையாது. ரசிகர்கள் எழுதும் கருத்துகளைப் பத்து நிமிடம் புரட்டிப் பாருங்கள், எல்லாமே என் பட்டியலின் உறவுக்காரர்கள்தான். கல்யாணப் பந்தியில் இலை நிறைந்த பிறகும் "இந்தப் பக்கம் இன்னொரு கூட்டு" என்று குரல் கொடுக்கிற கூட்டம் நாம்.

இந்த விளையாட்டு வகையின் பெயரே ரசிகர் கருத்தோடு சேர்ந்து பிறந்ததுதான். ஸ்டீவ் பார்சியாவின் சிம்டெக்ஸ் நிறுவனம் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, பத்திரிகைகளில் விளையாட்டுகளைப் பற்றி எழுதிவந்த ஆலன் எம்ரிச்சும் டாம் ஹியூஸும் அதன் ஆரம்ப வடிவத்தைப் பார்த்து யோசனைகள் சொல்லி அதைச் செப்பனிட உதவினார்கள். அதே எம்ரிச்தான் 1993ல் 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்' இதழில் அந்த ஆட்டத்துக்கு முன்னோட்டம் எழுதும்போது, தேடு, பரவு, சுரண்டு, அழி என்ற நான்கு வேலைகளையும் (ஆங்கிலத்தில் நான்கிலும் 'எக்ஸ்' வரும்) சேர்த்து '4எக்ஸ்' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் அந்தப் பெயரைப் போட்டுத்தான் தேடுகிறோம்.

அந்த முதல் மாஸ்டர் ஆஃப் ஓரியனை இன்று ஆடிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு நட்சத்திரத்துக்கு ஒரே கிரகம். கட்டடப் பட்டியலே கிடையாது. கிரகத்துக்கு ஐந்து ஸ்லைடர்கள்: கப்பல், பாதுகாப்பு, தொழில், சுற்றுச்சூழல், ஆராய்ச்சி. இழுத்துவிட்டால் முடிந்தது. அதைவிட முக்கியம், ஆட்டத்தை முடிக்க அது வைத்திருந்த வழி. 25 வருடத்துக்கு ஒருமுறை எல்லா இனங்களும் கூடி ஓட்டுப் போடும். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார். தோற்ற பக்கம் தீர்ப்பை ஏற்கவில்லை என்றால் எல்லாரையும் எதிர்த்துக் கடைசிப் போர் நடத்தலாம். நீ ஜெயித்துவிட்டாய் என்பது உனக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும், பிறகு ஏன் இழுத்தடிக்க வேண்டும்? 1993லேயே விடை சொல்லிவிட்டார்கள்.

1996ல் இரண்டாம் பாகம் வந்தது. ஒரு நட்சத்திரத்துக்குப் பல கிரகங்கள், ஒவ்வொன்றிலும் வரிசையாகக் கட்டடங்கள். எனக்கு உயிரான ஆட்டம், இப்போது கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் குமாஸ்தா வேலை தொடங்கியதும் அங்கேதான். அது புரிந்ததால்தான் மூன்றாம் பாகத்தில் வேறு வழி யோசித்தார்கள். அதன் வடிவமைப்புக்குத் தலைமை யார் தெரியுமா? அதே எம்ரிச். ஒரு டர்னில், அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்றில், பேரரசர் இத்தனை காரியங்களில்தான் தலையிட முடியும் என்று அளந்து புள்ளிகள் கொடுப்பது, மீதியை கிரக ஆளுநர்கள் பார்த்துக்கொள்வது என்பது யோசனை. ஆட்டம் வெளிவருமுன் எம்ரிச் விலகிவிட்டார், புள்ளி முறையும் கைவிடப்பட்டது, ஆளுநர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். 2003ல் வெளிவந்ததும் வந்த முக்கியமான புகார், ஆட்டம் தன்னைத்தானே ஆடிக்கொள்கிறது, நான் எதற்கு என்பது. சுமையை இறக்கி வைக்கிறேன் என்று சொல்லி ஆளையே இறக்கிவிட்டார்கள்.

2016ல் வந்த 'ஸ்டெல்லாரிஸ்' இதே பள்ளத்தில் ஒரு காலை வைத்தது. சில கிரகங்களைத்தான் நேராக ஆளலாம், மற்றதை செக்டார் என்று பிரித்து ஏஐயிடம் கொடுத்தாக வேண்டும். அந்த ஏஐ கட்டியதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதவர்கள் குறைவு. பின்னால் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் எடுப்பதற்கான துணிச்சலுக்கும் உதாரணம் அதே ஸ்டெல்லாரிஸ்தான். தொடக்கத்தில் அதில் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போக மூன்று வழிகள் இருந்தன: வார்ப், வார்ம்ஹோல், நட்சத்திரங்களுக்கு நடுவே நிரந்தரப் பாதையாக ஓடும் ஹைப்பர்லேன். ஆளுக்கொரு வழி. கேட்க அருமையாக இருக்கிறது இல்லையா? ஆடினால் தெரியும். எதிரி எங்கிருந்து வேண்டுமானாலும் குதிப்பான் என்றால் கோட்டை கட்டி என்ன பயன், கணவாயைக் காத்து என்ன பயன்? 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பில் எல்லாரும் ஹைப்பர்லேனில்தான் தொடங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். முந்தைய ஆண்டின் இறுதியில் இதை அறிவித்தபோது கிளம்பிய கூச்சல் கொஞ்சமல்ல. காசு கொடுத்து வாங்கியதைப் பிடுங்குகிறார்கள் என்று நானும் கோபப்பட்டேன். இரண்டு ஆட்டம் ஆடிய பிறகு வாயை மூடிக்கொண்டேன். எல்லை என்று ஒன்று வந்தது, வழியில் நிற்கிற ஒரு நிலையத்துக்கு மதிப்பு வந்தது. அன்று ஓட்டெடுப்பு வைத்திருந்தால் நானே எதிர்த்துப் போட்டிருப்பேன்.

அதனால்தான் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். 'எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2' செய்த ஆம்ப்ளிட்யூட் நிறுவனம் ரசிகர்களிடமே ஓர் இனத்தை உருவாக்கச் சொல்லி, ஓட்டெடுப்பு வைத்து, ஜெயித்த இனத்தை ஆட்டத்தில் சேர்த்தது. மரம் போன்ற அன்ஃபாலன் இனம் அப்படி வந்ததுதான், அழகான இனம். புதிதாக ஒன்றைச் சேர்க்க ஓட்டு நல்ல வழி. இருப்பதை வெட்ட ஓட்டு உதவாது.

நம் புகாரில் இன்னொரு கோளாறு, வலிக்கிற இடத்தைச் சொல்வதோடு நிற்காமல் மருந்தையும் நாமே எழுதிக்கொடுப்பது. ஸ்டெல்லாரிஸில் ஆட்டத்தின் பின்பாதி நத்தையாக ஊர்வது பழைய புகார். எல்லா கோரையும் பயன்படுத்துங்கள், ப்ராஸஸர் சும்மா தூங்குகிறது என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். கணினி வேலைதானே பார்க்கிறோம் என்ற திமிரில் நானும் எழுதினேன். ஆனால் முக்கியமான சிக்கல் வடிவமைப்பிலேயே இருந்தது. 2018 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பிலிருந்து கிரகத்தில் வாழும் ஒவ்வொரு குடிக்கும் தனித்தனியாக எந்த வேலை பொருந்தும் என்று ஆட்டம் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் குடிகள் பெருகினால் எந்த ப்ராஸஸர்தான் தாங்கும்? 2021ல் குடிகள் பெருகும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். கடைசியில் 2025 மே மாதம் வந்த 4.0 பதிப்பில் ஒரே மாதிரியான குடிகளைக் கூட்டமாகச் சேர்த்து ஒரே கணக்காக்கினார்கள். முதல் சில வாரங்கள் பக் மேல் பக், அதைத் திருத்தப் பேட்ச் மேல் பேட்ச் என்று ஓடியது வேறு கதை. போன திசை சரி என்றுதான் சொல்வேன்.

என் மூக்குடைந்த கதையும் ஒன்று உண்டு. வேறொரு ஆட்டம், சின்னக் குழு செய்தது. போரில் என் கூட்டாளியின் கப்பல்கள் எல்லையில் வந்து சும்மா நிற்கின்றன, ஏஐ மொக்கை, காசு வேஸ்ட் என்று காட்டமாக எழுதினேன். ஆட்டத்தை எழுதியவர்களில் ஒருவர் பொறுமையாக என் சேவ் கோப்பைக் கேட்டார். அனுப்பினேன். மறுநாள் பதில்: நாற்பது டர்னுக்கு முன் என் எல்லையை எல்லாருக்கும் மூடியது நானே. கூட்டாளி மரியாதையாக வாசலில் காத்திருந்திருக்கிறான்! வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. அடுத்த பேட்ச்சில், நிற்கிற கப்பலின் மேல் மவுஸை வைத்தால் 'எல்லை மூடப்பட்டதால் காத்திருக்கிறது' என்று ஒரு வரி வந்தது. ஏஐயை மாற்று என்றேன் நான். அவர் ஒரு டூல்டிப்பில் முடித்துவிட்டார். அதிலிருந்து எங்கே புகார் எழுதினாலும் சேவ் கோப்பு, எத்தனையாவது டர்ன், அப்போது நான் என்ன செய்யப் பார்த்தேன், இந்த மூன்றைத்தான் எழுதுகிறேன்.

இப்போது அந்தப் பட்டியலைத் திருப்பி எழுதச் சொன்னால் முதல் வரி: ஜெயித்துவிட்டால் ஜெயித்துவிட்டாய் என்று சொல்லுங்கள். ஸ்டெல்லாரிஸ் 2200ல் தொடங்குகிறது, நாம் மாற்றாவிட்டால் வெற்றியைக் கணக்குப் பார்ப்பது 2500ல். நடுவில் பெரிய ஆபத்துகள் வரும் என்பது உண்மைதான், இருந்தாலும் முடிவு தெரிந்த பிறகும் உட்கார்ந்து ஆட யாருக்குப் பொறுமை இருக்கிறது? எதிரிகளே கூடிச் சரணடைய வரட்டும். மேலே ஆட ஆசைப்படுகிறவன் மறுத்துவிட்டு ஆடட்டும்.

அடுத்தது தானியங்கி. இதில் 'டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ்' என்ற ஆட்டத்தின் பக்கம் நான். ஒவ்வொரு துறைக்கும் கணினியிடம் நீயே செய், என்னைக் கேட்டுச் செய், நானே செய்கிறேன் என்று சொல்ல மூன்று நிலை. கூடவே சரக்குக் கப்பல்களும் வியாபாரமும் தனியார் கையில், நாம் தொடவே முடியாது. அதிகாரம் குறைந்த மாதிரியே தோன்றாது, உண்மையில் ஒரு நாட்டை ஆள்வது போல இருக்கும். நான் கூடுதலாகக் கேட்பது, தானாகச் செய்ததை ஏன் செய்தாய் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். காரணம் சொல்லாத ஆளுநரை எவன் நம்புவான்?

அறிவிப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, என் மனைவியே சொல்லிவிட்டாள். ஒன்பது கிரகத்தில் வீடு இல்லை என்றால் ஒரே அறிவிப்பு, ஒரே அழுத்தல், ஒன்பதிலும் கட்டு. 2008லேயே 'சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்' எல்லா கிரகத்தையும் கப்பலையும் இடது ஓரத்தில் ஒரு மரமாக அடுக்கி, கேமராவை நகர்த்தாமலே ஆளவைத்தது. அதை ஏன் எல்லாரும் காப்பி அடிக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை புதிர்.

அப்புறம், பெரிய பேட்ச் வந்தால் பழைய பதிப்பையும் ஸ்டீமில் எடுக்கிற மாதிரி வைத்திருங்கள். ஸ்டெல்லாரிஸ் வைத்திருக்கிறது, புண்ணியம். பாதி ஆட்டத்தில் இருக்கிறவன் சேவ் செத்துப்போனால் உங்கள் புது அம்சத்தை வாழ்த்தமாட்டான்.

ஒன்றே ஒன்று சேர்க்கவும் கேட்பேன், மன்னியுங்கள். ஒரு ஆட்டத்தில் என் புதுக் கிரகத்துக்குக் கீழடி என்று தமிழில் பெயர் அடித்தேன். வெறும் காலிக் கட்டங்கள் வந்தன. ஆறு மணி நேரம் அந்தக் கட்டங்களின் பேரரசனாக இருந்தேன்.

23ல் இரண்டு, இது என் கணக்கு. உங்கள் சேவ் ஃபோல்டரையும் திறந்து பாருங்கள். எத்தனை முடித்தீர்கள் என்பதைவிட, முடிக்காததை எந்த டர்னில், என்ன செய்துகொண்டிருந்தபோது விட்டீர்கள் என்று கமெண்டில் போடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதி அந்தச் சின்னக் குழுவுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். அந்த டூல்டிப் மனிதர் படிப்பார்.