அதிகாலை 3 மணிக்குத் தொடங்கிய வாக்கெடுப்பு

அமெரிக்க அரசைப் பணம் படைத்த குழுக்கள் வளைக்கின்றன என்றால், பலருக்கும் உறையில் வைத்துக் கைமாறும் பணம்தான் நினைவுக்கு வருகிறது. அதைவிட வலிமையானது சட்டத்துக்குள் நுழைக்கப்படும் ஒரு வரியும், அது மக்கள் கண்ணில் படாமல் நழுவிப்போகும் சூழலும் என்றே நான் கருதுகிறேன்.

65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில், மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைகளின் செலவையும் சேர்க்க 2003இல் ஒரு சட்டம் வந்தது. முதியவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த நல்ல காரியம் அது. ஆனால், மருந்து நிறுவனங்களுடன் அரசு விலை பேசக் கூடாது என்ற பிரிவும் அதே சட்டத்தில் இடம்பெற்றது. முன்னாள் படைவீரர்களுக்கான துறை அப்போதே பேரம் பேசி மருந்து வாங்கிக்கொண்டிருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நவம்பர் 22 அதிகாலை 3 மணிக்குப் பிரதிநிதிகள் அவையில் வாக்கெடுப்பு தொடங்கியது. வழக்கமாக 15 நிமிடத்தில் முடிய வேண்டியது. எதிர்ப்பு 218, ஆதரவு 216 என்று பலகை காட்டிக்கொண்டிருக்க, ஆளுங்கட்சித் தலைவர்கள் உறுப்பினர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசினார்கள். ஏறத்தாழ 3 மணி நேரம் கழித்து, விடியும் வேளையில், 220க்கு 215 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. அதை உருவாக்குவதில் முன்னின்ற லூசியானா உறுப்பினர் பில்லி டௌசின், 2005 தொடக்கத்தில் மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். இதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இருக்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

ஊடகத்தின் பங்கு இதைவிட வருத்தம் தருவது. புதிய சட்டத்தைப் புகழ்ந்து அரசுத் துறையே ஒரு காணொளியைத் தயாரித்து, செய்தியாளர் வாசிப்பதுபோல் அமைத்து, தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுப்பியது. பல உள்ளூர் நிலையங்கள் அதைத் தங்கள் செய்தியாகவே ஒளிபரப்பின. அது மறைமுகப் பிரசாரம், சட்டவிரோதமானது என்று அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2004 மே மாதம் தீர்ப்பளித்தபோது, சட்டம் கையெழுத்தாகி ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. திட்டத்தின் செலவு சொல்லப்பட்ட 40,000 கோடி டாலரைவிட 10,000 கோடிக்கும் மேல் கூடும் என்று மெடிகேரின் தலைமைக் கணிப்பாளர் ரிச்சர்ட் ஃபாஸ்டர் கணித்திருந்ததும், மேலதிகாரி அதை அவையிடம் சொல்ல விடாமல் தடுத்ததும் அவ்வாறே தாமதமாகத்தான் வெளிவந்தன. வெளிக்கொணர்ந்தவர்கள் நைட் ரிடர் நிறுவனத்தின் செய்தியாளர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நேர்மையாக உழைப்பவர்கள் அத்துறையில் இல்லாமல் இல்லை. ஆனால் 1997இல் மருந்து விளம்பர விதிகள் தளர்ந்த பிறகு, மாலைச் செய்தியின் இடைவேளைகளை மருந்து விளம்பரங்களே நிறைத்துவருகின்றன. அந்த வருவாயை நம்பியிருக்கும் நிறுவனம் மருந்து விலையை நாள்தோறும் கேள்விக்குள்ளாக்கும் என்று எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

2022இல்தான், அதுவும் குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு மட்டும், விலை பேசும் உரிமை மெடிகேருக்குக் கிடைத்தது. மறு ஆண்டே அதை எதிர்த்து மெர்க் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனத்தின் ஜனூவியா, நம் வீடுகளுக்கும் பழக்கமான சர்க்கரை நோய் மாத்திரைதான். அதன் ஒரு மாதப் பட்டியல் விலை 527 டாலராக இருந்தது. பேசி முடித்த விலை 113 டாலர். அது நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரியில். மருந்துத் திட்டம் தொடங்கிய 2006இல், 65 வயதில் அதில் சேர்ந்தவருக்கு அப்போது 85 வயது.