ரீசெட் போடும் முன் போன்ல ஒட்டின கண்ணாடியைக் கழற்றிப் பாருங்க

போன் கைரேகையை எடுக்கலன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். "கைரேகை எடுக்கலன்னா சென்சார் போச்சு, ஃபேக்டரி ரீசெட் (எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாக்குறது) போடுங்க, இல்லேன்னா டிஸ்பிளே மாத்துங்க"ன்னு அதுக்கு இன்னொருத்தர் சொல்லியிருக்கார். அவசரப்படாதீங்க. கேட்டவர் வெச்சிருக்கிறது சாம்சங் கேலக்ஸி எஸ்22 அல்ட்ரா; டெம்பர்டு கிளாஸ் (திரைமேல ஒட்டுற பாதுகாப்புக் கண்ணாடி) ஒட்டின அன்னிக்கே பிரச்சினை ஆரம்பிச்சிருக்கு. அதுல இருக்கிறது அல்ட்ராசோனிக் சென்சார். ஒலி அலை விரல்ல பட்டுத் திரும்பணும். கிளாஸுக்கும் திரைக்கும் நடுவுல மெல்லிசா காத்து நின்னாலே அலை அங்கேயே திரும்பிடும். ரீசெட் போட்டா போட்டோதான் போகும், காத்து போகாது!

முதல்ல கிளாஸைக் கழற்றிப் பாருங்க. உடனே திறந்தா சென்சார் நல்லாத்தான் இருக்கு. வேற கிளாஸ் ஒட்டினா பழைய ரேகையை அழிச்சிட்டுப் புதுசா பதியுங்க. வீட்டுல இன்னொருத்தர் விரலையும் வெச்சுப் பாருங்க, அதுக்குத் திறக்கக் கூடாது. 2019-ல சாம்சங் எஸ்10 போன், திரையை மூடின சிலிகான் உறையோட வடிவத்தையே ரேகைன்னு எடுத்துக்கிட்டு யாருக்கும் திறந்துச்சு.