100 மெகாபிட்டும் 12 மெகாபைட்டும்

"100 எம்பி வேகம் என்று பணம் வாங்கிவிட்டு 12 எம்பிதான் தருகிறார்கள், பெங்களூருவில் எல்லா இணைய நிறுவனங்களும் இப்படித்தான் ஏமாற்றுகின்றன" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. திட்டத்தின் வேகத்தை நிறுவனங்கள் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்கின்றன; கோப்பை இறக்கும்போது கணினி பெரும்பாலும் காட்டுவதோ மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வர வழியில்லை. அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ முழு வேகமே. ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது சிறிய பி (Mb) பிட்டையும் பெரிய பி (MB) பைட்டையும் குறிக்கும். தமிழில் இரண்டையும் 'எம்பி' என்றே எழுதும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

நிறுவனங்கள் மேல் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறிய பின்பும் வேகச் சோதனை இரண்டு வாரம் 94 மெகாபிட்டைத் தாண்டவில்லை. மூன்று முறை புகார் செய்தும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னதே பதில். கடைசியில் வந்த ஊழியர் கேபிள் முனையைக் கழற்றிக் காட்டினார்: எட்டுக் கம்பிகளில் பழுப்புக் கம்பி அறுந்திருந்தது. 100 மெகாபிட் ஓடுவதற்கு நான்கு கம்பிகளே போதும், அதற்கு மேல் போக எட்டும் தேவை என்பதால், இணைப்பு சத்தமில்லாமல் கீழே இறங்கி நின்றிருக்கிறது. புது முனை அடித்த ஐந்தாவது நிமிடத்தில் 280 வந்தது.